கற்பூர மரமும் கித்தா மரமும்: கோலாலம்பூர் நாட்குறிப்பு

சனிக்கிழமை, செந்தூல்

பள்ளி விடுமுறையும் டுரியான் சீசனும் ஒன்றாக வந்திருக்கின்றன. பட்டர்வொர்த்தில் ரயிலேறி, மத்தியானம் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கொம்யூட்டர் பிடித்து செந்தூலில் தாய்மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தாயிற்று. மாமி வைத்த கருவாட்டுக் குழம்புக்குப் பிறகு எழுதும் நிலையில் இல்லை. எதற்கு வந்தேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

மழைக்காட்டை வெட்டி விற்காமல், அதற்குள்ளேயே பழமரமும் கிழங்கும் பிசினுமாக வளர்த்துப் பல தலைமுறைகளாக வாழ்கிற பூர்வக்குடி மக்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். நேரில் பார்க்க ஆசை. "அதுக்குப் போய் கே.எல்.லா?" என்று பினாங்கில் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை, சண்டைக்கே வந்துவிட்டார். இள வயதில் கோலா லிப்பிஸ், குவா மூசாங் பக்கம் சாந்தாய்வோங் லாரியில் வெட்டுமரம் ஏற்றியவர். "காட்டுக்குள்ள தோட்டமா? நான் பார்த்த காட்டுல மரம், அட்டை, சேறு, அவ்வளவுதான். மரம் வெட்டலேன்னா மாநிலத்துக்குக் காசு எங்கேருந்து வரும்? உனக்குச் சம்பளம் எங்கேருந்து வரும்?" நான் பள்ளி ஆசிரியை, என் சம்பளம் மத்திய அரசாங்கம் இருக்கிற புத்ராஜெயாவிலிருந்து வருகிறது மாமா என்றேன். மாமி விளக்கை அணைத்துவிட்டார்.

ஞாயிறு, பத்துமலை

கூட்டத்துக்குப் பயந்து விடியும்போதே போய்விட்டோம். 272 படிகளைப் பற்றியும் நிறங்களைப் பற்றியும் புதிதாக எழுத ஒன்றுமில்லை, எல்லோர் கைப்பேசியிலும் படம் இருக்கிறது. 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. அதற்கெல்லாம் முன்பே தெமுவான் மக்கள் இந்தக் குகைகளில் ஒதுங்கித் தங்கியிருக்கிறார்கள். சிலாங்கூர், நெகிரி செம்பிலான் வட்டாரத்துப் பூர்வக்குடி அவர்கள். 1878இல் வில்லியம் ஹோர்னடே என்ற அமெரிக்கர் எழுதிய பிறகுதான் வெளியுலகுக்கு இந்த இடம் தெரியவந்தது என்பார்கள். தெமுவான்களுக்கு முன்னமே தெரிந்திருந்த இடம்.

எனக்கு இங்கே முக்கியமானது வௌவால். குகைத் தேன் வௌவால் என்று ஒரு சிறிய இனம் இங்கே கூட்டமாக வாழ்கிறது. டுரியான் பூ சாயங்காலம் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். இரவில் தேன் குடிக்க வரும் இந்த வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. சமையலுக்குப் போகும் பெத்தாய்க் கொட்டை மரத்தின் பூவுக்கும் வௌவாலின் தயவு வேண்டும். 1970களில் இங்கே ஆராய்ந்தவர்கள், பத்துமலை வௌவால்கள் கடலோரச் சதுப்புக்காட்டுப் பூவைத் தேடி 38 கிலோமீட்டர் வரை பறந்துபோவதாகக் கண்டார்கள். டுரியான் பூப்பது வருடத்தில் சில வாரம்தான். மீதி மாதங்களுக்கு வௌவாலுக்கு வேறு பூ வேண்டும்: வாழை, பெத்தாய், சதுப்புக்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரத்தை நட்டுவைத்தால் அது பட்டினி கிடக்கும். பல மரம் கலந்த பூர்வக்குடித் தோட்டத்துக்கும் இந்த வௌவாலுக்கும் உள்ள கணக்கு இதுதான்.

படியிறங்கும்போது வள்ளியைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் முருகன் பெண் எடுத்ததே மலையில் காட்டைச் சுட்டுத் தினை விதைக்கிற வீட்டில். பேராக், பஹாங் மலைகளில் செமாய், தெமியார் மக்கள் இன்றும் தினை விதைக்கிறார்கள். மலாயில் அதற்குச் செக்கோய் என்று பெயர். தினைப்புனத்தைப் பாடலாகப் படித்துவிட்டு, அதையே இவர்கள் செய்தால் "காட்டை எரிக்கிற கூட்டம்" என்று சொல்வது நமக்கு எளிதாக வந்துவிடுகிறது. ஆசிரியர் அறையில் நானே கேட்டிருக்கிறேன்.

மதியம் தோசை. அதுவும் சுமார்தான்.

திங்கள், கெப்போங்

இன்று நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் வளாகத்துக்குள் நுழைந்தால், காலங்காலமாக நின்ற காடு என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1920களில் இந்த இடம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழியும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்தது. காட்டு மரக் கன்றுகளைக் கொண்டுவந்து மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான் இத்தனையும். நூறு வருடத்துக்குள் மழைக்காடாகிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. காட்டை நட முடியாது என்று சொல்கிறவர்களை இங்கே ஒரு நாள் நடக்கவைக்கலாம். அதற்காக, பரவாயில்லை, வெட்டிவிட்டு அப்புறம் நட்டுக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால், நூறு வருடம் யார் காத்திருப்பது என்றும் கேட்க வேண்டும்.

எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பது கபூர் மரங்களை. உச்சிக்கிளைகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஆறு ஓடுகிற மாதிரி வானத்துக்கு இடம் விட்டு நிற்கின்றன. நான் நின்றது வேறொரு காரணத்துக்காக. நம் முன்னோர் கடல் தாண்டி வந்து தேடிய கற்பூரம் இந்த மரத்தில்தான் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற ஊர் அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அங்கே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அவர்கள் வாங்கிப்போன கற்பூரம் காட்டில் வாழ்ந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்தது.

அதை அப்படியே பொற்காலமாக்கிவிடவும் மனம் வரவில்லை. கற்பூரம் எடுக்க மரத்தைச் சாய்த்துப் பிளந்தாக வேண்டும். எந்த மரத்துக்குள் இருக்கும், எதில் இருக்காது என்று வெளியே தெரியாது. ஜொகூர் பக்கத்து ஜாக்குன் மக்கள் கற்பூரம் தேடப் போகும்போது வழக்கமான பேச்சையே விட்டுவிட்டு, அதற்கென்றிருந்த தனிச் சொற்களில் பேசினார்கள். காட்டுக்கு மரியாதை இருந்தது. ஆனாலும் மரம் விழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போடத் தாபான் மரத்துப் பாலுக்குத் திடீரென்று சந்தை வந்தபோது, அந்த மரங்களும் இதேபோல ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வாங்குகிறவனின் அவசரம் காட்டுக்குள் வந்துவிட்டால், யார் கையில் கோடரி இருந்தாலும் கதை ஒன்றுதான்.

மரத்தைச் சாய்க்காத வழிகளும் அதே சுமத்ராவில் இருக்கின்றன. நாம் வீட்டில் போடும் சாம்பிராணி, தப்பானுலி மலைகளில் பாத்தாக் மக்கள் வளர்க்கும் மரத்தின் பிசின். காட்டை மொட்டையடிப்பதில்லை. நிற்கிற மரங்களின் நிழலிலேயே சாம்பிராணிக் கன்றை வைத்து, எட்டுப் பத்து வருடம் பொறுத்துப் பட்டையைக் கீறுவார்கள். பிசின் கசிந்து இறுகியதும் சுரண்டி எடுப்பார்கள். எங்கள் பாட்டி கித்தா (ரப்பர்) மரத்துப் பால்வெட்டுக்குப் போனவர், அவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்காது. ஒரு வித்தியாசம் உண்டு. கித்தாத் தோட்டத்தில் கித்தாவைத் தவிர ஒன்றும் நிற்காது. சாம்பிராணித் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் அது திரும்பவும் காடாகிவிடும்.

இன்னும் தெற்கே, லாம்பூங் மாநிலத்தின் க்ரூய் கடலோரத்தில் தாமார்த் தோட்டங்கள். தாமார் என்பது நம் குங்கிலியம் வகைப் பிசின், வார்னிஷுக்கும் தூபத்துக்கும் போகிறது. முதலில் கொஞ்சம் காட்டைத் திருத்தி மலைநெல் விதைக்கிறார்கள். நெல்லோடு காப்பியும் மிளகும். அவற்றின் நிழலில் தாமார்க் கன்று, இடையிடையே டுரியான், லங்சாட். மிளகு ஓய்ந்துபோகும்போது மரம் தலைதூக்கியிருக்கும். தாமார் மரத்தில் முதல் பிசின் எடுக்க இருபது வருடத்துக்கு மேல் ஆகும். நடுகிறவர் பிள்ளைக்காகத்தான் நடுகிறார். பிரெஞ்சு ஆய்வாளர்கள் மிஷோனும் தெ ஃபொரெஸ்தாவும் இந்தத் தோட்டங்களைப் பல வருடம் ஆராய்ந்து, இவை மனிதர் வளர்த்த காடுகள் என்று உலகத்துக்குச் சொன்னார்கள். 1998இல் இந்தோனேசிய வனத்துறை அமைச்சு 29,000 ஹெக்டர் தாமார்க் காட்டைத் தனி வகையாக ஏற்றுக்கொண்டு, அதைப் பராமரிக்கும் உரிமையை அந்த மக்களுக்கே தந்தது. நிலம் மட்டும் ஏட்டில் அரசாங்கக் காடாகவே இருந்தது.

தப்பானுலியில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. காகிதக்கூழ் ஆலைக்கு யூக்கலிப்டஸ் வளர்க்கச் சாம்பிராணிக் காட்டை வெட்டிவிட்டார்கள். பண்டுமான், சிப்பித்துஹுத்தா ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். 2016 டிசம்பரில்தான் அவர்களுடைய காடு அவர்களுடையது என்று அதிபர் ஜோக்கோ விடோடோ அறிவித்தார்.

மாமா இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். "பிசின் எடுத்தா ஒரு மரத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? நான் ஒரு லோடு ஏத்தினா..." என்று ஆரம்பித்தவர், கணக்குப் போட்டு முடிக்கவில்லை. கொசு.

செவ்வாய், மஸ்ஜித் இந்தியா

நாள் முழுக்க மழை. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில் சாம்பிராணி வாங்கினேன். கட்டியாக இருப்பது ஒன்று, கப்பில் அடைத்து வருவது ஒன்று. எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டதற்குக் கடைக்கார நானா, "இந்தியா" என்றார். இந்தியாவுக்கு எங்கிருந்து போயிருக்கும் என்றேன். "டீச்சரா நீங்க?" என்று கேட்டு, அரை வெள்ளி (ரிங்கிட்) குறைத்துக் கொடுத்தார்.

புதன், கோம்பாக்

காலையில் கோம்பாக் பூர்வக்குடி அருங்காட்சியகம். தீபகற்பத்தில் 18 பூர்வக்குடி இனங்கள், மா மெரி மக்களின் மரச்சிற்பங்கள், ஊதுகுழல் அம்பு, பிரம்புக் கூடைகள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் கூடையைப் பார்த்து, அது எந்தக் காட்டில் எந்தப் பிரம்பு என்று தெரிந்துகொள்ள முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பழைய பெந்தோங் சாலையோரம் ஒரு தெமுவான் மாக்சிக் (அத்தை வயதுப் பெண்மணி) பெத்தாயும் கம்பத்து (நாட்டு) டுரியானும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மாமா நன்றாக மலாய் பேசுவார். பேச்சு டுரியானில் தொடங்கி, அரை மணியில் மாக்சிக்கின் மகனோடு நாங்கள் தோப்புக்கு ஏறிக்கொண்டிருந்தோம். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை.

தோப்பு என்று சொன்னால் நீங்கள் வரிசையை எதிர்பார்ப்பீர்கள். வரிசையே கிடையாது. மேலே டுரியானும் பெத்தாயும், அதற்குக் கீழே ரம்புத்தான், லங்சாட், செம்படாக், ஜெரிங், பெரா, இன்னும் கீழே காந்தான் பூ, மரவள்ளி, மூங்கில், மரத்தில் ஏறிக்கிடக்கும் பிரம்பு. நடுநடுவே பெயர் தெரியாத காட்டு மரங்கள். எது நட்டது, எது தானாக முளைத்தது என்று எனக்குக் கடைசிவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பையனுக்கு ஒவ்வொன்றும் தெரியும். இது தாத்தா நட்டது, இது அத்தை கல்யாணத்துக்குப் பிறகு நட்டது, இது பன்றி தின்று போட்ட கொட்டை.

முறை இதுதான். சின்ன இடத்தைத் திருத்திச் சுட்டு, ஒன்றிரண்டு வருடம் மலைநெல்லும் மரவள்ளியும். விதைக்கும்போதே பழக்கொட்டையும் போய்விடும். பிறகு நெல்லுக்கு வேறு இடம். விட்ட இடத்தில் காடும் பழமரமும் போட்டி போட்டு வளரும். வருடத்துக்கு ஒருமுறை, பழம் விழும் காலத்துக்கு முன், அடியில் புதரை வெட்டிச் சுத்தம் செய்து குடிசை போடுவார்கள். டுரியானைப் பறிப்பதில்லை, இரவில் விழ விழப் பொறுக்குவது. நட்டவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை எல்லோருக்கும் அந்த மரத்தில் பங்குண்டு. பழைய குடியிருப்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், காட்டுக்குள் டுரியான் மரங்கள் கூட்டமாக நிற்கிற இடத்தைப் பார்த்தால் போதும் என்றான் பையன்.

மாமா நடையை நிறுத்திவிட்டார். "லிப்பிஸ் பக்கத்துல அப்படிக் கூட்டமா நிக்கும்மா. தானா மொளச்சதுன்னு நினைச்சோம். ரோடு போடணும்னு சொன்னா அதையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போவோம்." விதிப்படி தடித்த மரத்தை மட்டும்தான் வெட்ட வேண்டும், அடுத்த வெட்டுக்கு ஏறக்குறைய முப்பது வருடம் விட வேண்டும் என்பது 1978இலிருந்து இருக்கிற முறை. ஒரு மரம் விழும்போது கொடியில் பின்னிய பத்து மரத்தையும் இழுத்துக்கொண்டு விழும், டிராக்டர் போன தடத்தில் மண் கெட்டிப்பட்டு வருடக்கணக்கில் ஒன்றும் முளைக்காது என்பதை மாமாதான் சொன்னார், நான் கேட்காமலே.

பையனுடைய ஆசை வேறு. இரண்டு ஏக்கரை வெட்டிச் சுத்தமாக்கி மூசாங் கிங் என்ற உயர்ரக டுரியான் ஒட்டுக்கன்று வைக்க வேண்டும் என்கிறான். கம்பத்து டுரியானை விடப் பல மடங்கு விலை. மாக்சிக்குக்கு அதில் விருப்பமில்லை, ஆனால் வாயைத் திறந்து மறுக்கவும் இல்லை. தோப்பில் விளைவதற்குக் காசு இல்லாமல் இல்லை. மலைக்குக் கீழே வரும் தரகர், தான் சொன்ன விலைக்கு எடுத்துப்போகிறார். இவர்களிடம் லாரி கிடையாது. செலாயாங் மொத்தச் சந்தையில் அதே பெத்தாய் என்ன விலை என்று மாமா சொன்னதும் பையன் முகம் மாறியது.

வியாழன், டெங்கில் வழியாக

பக்கத்து வீட்டுப் பையன் சென்னைக்குப் பறக்கிறான். மாமா காரில் விமான நிலையத்துக்கு. போகும் வழியில் டெங்கில் பக்கம் நான் கண்ணை விரித்து வைத்திருந்தேன்.

1990களின் நடுவில், விமான நிலையத்துக்குச் சாலை போட இந்தப் பகுதியில் புக்கிட் தம்போய் தெமுவான்களின் நிலத்திலிருந்து 38 ஏக்கரை எடுத்தார்கள். பழமரம், பயிர், வீடு ஆகியவற்றுக்கு இழப்பீடு கொடுத்தார்கள். நிலத்துக்குக் கிடையாது. 1954ஆம் ஆண்டுப் பூர்வக்குடியினர் சட்டத்திலேயே பழமரத்துக்கும் கித்தா மரத்துக்கும் இழப்பீடு தரச் சொல்லி ஒரு பிரிவு இருக்கிறது. மரம் உன்னுடையது, மரம் நிற்கிற மண் அரசாங்கத்தினுடையது. சாகோங் பின் தாசி முதலானோர் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, வழக்கப்படி வந்த நில உரிமைக்கு இழப்பீடு உண்டு என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம். 2010இல் சமரசத்தில் முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தாத்தாதான் ஞாபகம் வந்தார். கெடாவில் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் பலா, முருங்கை, மா, கறிவேப்பிலை என்று வைத்திருந்தார். தோட்டம் கைமாறிச் செம்பனை போட வந்தபோது அந்த மரங்களை யாரும் எண்ணக்கூட இல்லை. காட்டை அழித்துத்தான் அந்தத் தோட்டமே வந்தது, அழித்த கைகளில் நம் கைகளும் உண்டு. நமக்கும் நிலம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை. அவர்கள் இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர்கள்.

மாமாவின் முதல் நாள் கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. நிலமும் காடும் அரசியலமைப்புப்படி மாநிலத்தின் கையில். வெட்டுமரத்துக்குக் கிடைக்கும் ராயல்டியும் பிரீமியமும் மாநிலக் கஜானாவுக்கு நேராகப் போகின்றன. தோப்பில் விழும் டுரியான், மாக்சிக்கின் அடுப்பு, பேரப்பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஆற்றில் ஓடும் தெளிந்த தண்ணீர் எதுவும் அந்தக் கணக்கு நோட்டில் ஏறாது. அதனால்தான் வரைபடத்தில் அந்த இடம் காலி நிலமாகத் தெரிகிறது. குவா மூசாங்கில் தெமியார் மக்கள் மரம் வெட்டுவதையும் டுரியான் பெருந்தோட்டத்தையும் எதிர்த்துச் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசாங்கமே போஸ் சிம்போர் தெமியார்களுக்காகக் கிளந்தான் மாநில அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பல மரத்தோடு கலந்து நிற்கத் தெரிந்த டுரியானை, காட்டை வழித்துவிட்டுத் தனியாக நட்டதால் வந்த வழக்கு அது.

வெள்ளி, செந்தூல்

நாளை ஊர் திரும்பல். போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கெப்போங்குக்குக் காலையிலேயே போங்கள், தண்ணீரும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துமலை வௌவாலைத் தேடி இருட்டுக்குகைக்குக் கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள், 2019இல் அதை மூடினார்கள். பழைய பெந்தோங் சாலையில் பூர்வக்குடியினர் வைத்திருக்கும் டுரியானுக்குப் பேரம் பேசாதீர்கள். ஓட்டில் குரங்கு கடித்த தடம் இருந்தால் வாங்குங்கள், நன்றாக இருக்கும் என்று மாக்சிக் சொன்னார், இருந்தது.

மாமா காலையிலிருந்து கைப்பேசியில். அடுத்த வாரம் மாக்சிக்கின் பையனுடைய பெத்தாயைத் தன் நண்பரின் சின்ன லாரியில் செலாயாங் சந்தைக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. தரகரை விடக் கிலோவுக்கு இரண்டு வெள்ளி கூடக் கிடைத்தாலும் பையன் ஒட்டுக்கன்று யோசனையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவான் என்பது மாமாவின் கணக்கு. "காடு காப்பாத்தவெல்லாம் இல்லம்மா, சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி வலிக்குது" என்கிறார். எண்ணெய்க் காசு யார் தருவது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.